அமெரிக்கச் செவ்வணில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்காவின் ஊசியிலைக் காடுகளில் வாழும் செவ்வணிலைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. உணவு, குரல், சண்டை, குட்டி வளர்ப்பு என எதைப் பற்றிக் கேட்டாலும் விடை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: அந்த அணிலுக்குச் சொந்தமான கூம்புமேடு, அதாவது ஊசியிலை மரங்களின் விதை தாங்கும் கூம்புகளை அது குவித்து வைக்கும் மேடு. ஆகவே அதைப் பற்றிய விடை சற்று நீண்டிருக்கிறது.

செவ்வணிலை அடையாளம் காண்பது எப்படி?

வாலையும் சேர்த்து ஏறத்தாழ ஓரடி நீளமும் 200 முதல் 250 கிராம் வரை எடையும் உள்ள சிறிய மர அணில் இது. முதுகு செம்பழுப்பாகவும் வயிறு வெண்மையாகவும் இருக்கும்; கண்ணைச் சுற்றி ஆண்டு முழுவதும் மாறாத வெள்ளை வளையம் ஒன்று உண்டு. கோடையில் முதுகின் நிறத்தையும் வயிற்றின் வெண்மையையும் பிரித்துக்காட்டும் கரிய கோடு விலாவில் தெளிவாகத் தெரியும். குளிர்காலத்தில் அந்தக் கோடு மங்கிவிடும்; மாறாக முதுகின் நடுவில் செந்நிறப் பட்டை அடர்ந்து, காது நுனியில் சிறு மயிர்க்கற்றைகள் முளைத்திருக்கும்.

டொரன்டோ, மிசிசாகா போன்ற நகரங்களின் பூங்காக்களில் நம்மவர்கள் தினமும் காணும் சாம்பல் அணிலும் கறுப்பு அணிலும் இதுவல்ல. அவ்விரண்டும் கிழக்குச் சாம்பல் அணில் என்ற ஒரே இனத்தின் இரு நிறங்கள். எடையில் செவ்வணிலைப் போல இரு மடங்குக்கும் மேல் இருக்கும். ஆனாலும் செவ்வணிலும் சாம்பல் அணிலும் ஒரே மரத்தில் சந்தித்துக்கொண்டால் பெரும்பாலும் ஓடிப்போவது பெரியதுதான்.

இதன் அறிவியல் பெயர் என்ன?

டாமியாஸ்கியூரஸ் ஹட்சோனிகஸ். 1777இல் ஜெர்மானிய இயற்கையியலாளர் எர்க்ஸ்லேபன் இதை விவரித்துப் பெயரிட்டார். ஹட்சன் விரிகுடாப் பகுதியை வைத்தே பெயரின் பிற்பகுதி அமைந்தது.

ஐரோப்பாவின் செவ்வணிலும் இதுவும் ஒன்றா? நம் ஊர் அணிலுக்கு இது என்ன உறவு?

பிரிட்டனில் சாம்பல் அணிலின் படையெடுப்பால் அருகிவரும் செவ்வணில் வேறு பேரினத்தைச் சேர்ந்தது. நிறத்தைத் தவிர இரண்டுக்கும் நெருக்கம் குறைவு. அமெரிக்கச் செவ்வணிலின் உடனடி உறவு பசிபிக் கரையோரக் காடுகளில் வாழும் டக்ளஸ் அணில்.

முதுகில் மூன்று கோடுகளுடன் நம் தென்னையிலும் முருங்கையிலும் ஓடித் திரியும் அணில் இதே குடும்பத்தில் இருந்தாலும் வேறொரு துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. சற்று வியப்பளிக்கக்கூடிய செய்தி ஒன்றும் உண்டு: மேற்குத் தொடர்ச்சி மலையில் இரவில் மரம்விட்டு மரம் மிதந்து செல்லும் பறக்கும் அணில்தான், நம் வீட்டு முற்றத்து அணிலைக் காட்டிலும் அமெரிக்கச் செவ்வணிலுக்கு நெருங்கிய சொந்தம். பறக்கும் அணில்களும் சாம்பல் அணில், செவ்வணில் வகையறாக்களும் ஒரே துணைக்குடும்பத்தில் அடங்குகின்றன.

எங்கெல்லாம் வாழ்கிறது?

அலாஸ்காவில் தொடங்கி, கனடாவின் வடகாடுகள் முழுவதிலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மாநிலங்களிலும் பரவியுள்ளது. அங்கிருந்து தெற்கே அப்பலாச்சிய மலைகளின் வழியாக ஒரு கையும் ராக்கி மலைகளின் வழியாக மற்றொரு கையும் நீள்கின்றன. ஸ்ப்ரூஸ், பைன், ஃபர் போன்ற ஊசியிலை மரங்கள் இருக்கும் இடத்தில் இதுவும் இருக்கும் என்று பொதுவாகச் சொல்லலாம். கிழக்கே இலையுதிர் மரங்கள் கலந்த காடுகளிலும் வாழ்கிறது. தென்மேற்கு மலைகளில் வாழும் கூட்டத்தை, 2016இல் வெளிவந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு, ஃப்ரீமான்ட் அணில் என்று தனி இனமாகப் பிரிப்பவர்களும் உள்ளனர்.

கூம்புமேடு என்கிறீர்களே, அது என்ன?

வடகாட்டில் வயதான ஸ்ப்ரூஸ் மரமொன்றின் அடியில் பழுப்பு நிறச் செதில்கள் குவிந்த மேடு தென்பட்டால், அது ஒரு செவ்வணிலின் சாப்பாட்டு மேசையும் களஞ்சியமும் என்று அறியலாம். அணில் வழக்கமாக ஒரே கிளையில் அமர்ந்து கூம்புகளை உரித்துத் தின்னும். உதிரும் செதில்களும் நடுத்தண்டுகளும் கீழே விழுந்து ஆண்டுக்கணக்கில் சேர்கின்றன. ஓர் அணில் இறந்தபின் அடுத்தது வந்து அதே மேட்டை எடுத்துக்கொள்வதால் தலைமுறை தலைமுறையாக அது வளர்கிறது; சில மேடுகள் பல மீட்டர் அகலமும், காலை வைத்தால் முழங்கால் வரை புதையும் ஆழமும் கொண்டிருக்கும்.

இந்தக் குப்பையின் உட்புறம் எப்போதும் ஈரமாகவும் குளிர்ச்சியாகவும் இருப்பதில்தான் சூட்சுமம் உள்ளது. ஸ்ப்ரூஸ் கூம்பு காய்ந்தால் செதில்கள் விரிந்து, விதைகள் காற்றில் பறந்துவிடும். ஆகவே ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், கூம்புகள் முற்றி விரிவதற்கு முந்தைய சில வாரங்களுக்குள், அணில் மரத்தின் உச்சிக்கு ஏறிப் பச்சைக் கூம்புகளைக் காம்போடு கொறித்துத் தள்ளுகிறது. அவை தொப்புத் தொப்பென்று தரையில் விழும் ஓசை அந்தப் பருவத்தில் காட்டில் இடைவிடாமல் கேட்கும். பிறகு கீழே இறங்கி, ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டுபோய் மேட்டுக்குள் துளைகளில் செருகி வைக்கிறது. ஈரத்தில் புதைந்த கூம்பு விரியாது. விதையும் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். நல்ல விளைச்சல் ஆண்டில் ஒரே மேட்டில் ஆயிரக்கணக்கான கூம்புகள் சேர்ந்துவிடும். கடந்த நூற்றாண்டில் காடு வளர்ப்புக்கு விதை சேகரித்தவர்கள் மரமேறும் சிரமத்தை விட்டுவிட்டு இந்த மேடுகளைக் கிளறிக் கூம்புகளை எடுத்துச் சென்றார்கள் என்பது, அணிலின் தேர்வு எவ்வளவு தரமானது என்பதற்கு நல்ல சான்று. அணிலுக்கு அது பகல் கொள்ளைதான்.

சாம்பல் அணில் இப்படிச் செய்வதில்லை. அது ஓக் கொட்டைகளை ஒவ்வொன்றாக வெவ்வேறு இடங்களில் புதைத்து, பின்னர் தேடி எடுக்கிறது. ஒரே இடத்தில் குவிப்பதால் செவ்வணிலுக்கு ஒரு வசதியும் ஒரு வினையும் சேர்ந்தே வருகின்றன: தேட வேண்டியதில்லை, ஆனால் காவல் காக்க வேண்டும். கிழக்கின் கலப்புக் காடுகளில் வாழும் செவ்வணில்கள் இரண்டு முறைகளையும் கலந்து கையாள்கின்றன.

ஒரு கூம்பை எப்படித் தின்கிறது?

பின்னங்கால்களில் குந்தி அமர்ந்து, கூம்பை முன்பாதங்களில் கிடையாகப் பிடித்துக்கொள்ளும். காம்புப் பக்கத்திலிருந்து தொடங்கிச் செதிலை வெட்டுப்பல்லால் நறுக்கித் தள்ளும். ஒவ்வொரு செதிலின் அடியிலும் இரண்டு விதைகள் ஒட்டியிருக்கும். அவற்றை எடுத்துத் தின்றுகொண்டே கூம்பைச் சற்றுச் சுழற்றி அடுத்த செதிலுக்குப் போகும். மக்காச்சோளக் கதிரைச் சுற்றிச் சுற்றிக் கடிப்பதைப் போன்ற இந்த வேலை சிறிது நேரத்தில் முடிந்து, நுனியில் மட்டும் ஓரிரு செதில்கள் எஞ்சிய மெல்லிய தண்டு கீழே விழும். காட்டில் அத்தகைய தண்டுகள் கிடந்தால் மேலே நிமிர்ந்து பாருங்கள்.

விதையைத் தவிர வேறு எதையும் தின்னாதா?

தின்னும். வசந்தத்தில் மொட்டுகள், பூக்கள். கோடையில் பழங்கள், காளான்கள், பூச்சிகள். வாய்ப்புக் கிடைத்தால் பறவை முட்டைகளும் குஞ்சுகளும். அணில் சைவம் என்று நினைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: கனடாவின் யூக்கானில் நடந்த ஆய்வில், பனிமுயலின் பிறந்த குட்டிகளைக் கொல்லும் முக்கிய விலங்குகளில் செவ்வணிலும் ஒன்று என்று தெரியவந்தது.

காளானை இது கையாளும் விதம் தனியாகக் குறிப்பிடத்தக்கது. பறித்த காளானைக் கிளைகளின் கவட்டிலோ ஊசியிலைகளுக்கு நடுவிலோ செருகி வெயிலில் காய வைத்து, காய்ந்தபின் எடுத்துச் சேமிக்கிறது. மனிதர்களுக்கு நஞ்சாகும் சில காளான்களையும் இது தின்பதால், அணில் தின்ற காளானை நாமும் தின்னலாம் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. மண்ணுக்கடியில் விளையும் காளான்களையும் தோண்டித் தின்று, அவற்றின் வித்துகளை எச்சத்தின் வழியே காடெங்கும் பரப்புகிறது. மர வேர்களோடு கூடி வாழும் பூஞ்சைகள் அவை என்பதால் இது மரங்களுக்கும் பயன்படுகிறது.

மேப்பிள் மரத்திலிருந்து இனிப்புப் பாகு எடுக்கத் தெரியும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மெய்ன் மாநிலத்தில் இதைக் கவனித்த உயிரியலாளர் பெர்ன்ட் ஹைன்ரிச் 1992இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். குளிர்காலத்தின் இறுதியில், இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்களில், சர்க்கரை மேப்பிளின் பட்டையைச் செவ்வணில் ஒரே கடியில் துளைத்துவிட்டு அகன்றுவிடுகிறது. அப்போது வடியும் சாற்றில் சர்க்கரை ஏறக்குறைய இரண்டு விழுக்காடுதான், மீதி தண்ணீர். வெயிலிலும் காற்றிலும் தண்ணீர் ஆவியாகி, பட்டையின்மேல் இனிப்புப் படிந்தபிறகே அணில் திரும்பி வந்து நக்குகிறது. மனிதர்கள் விறகெரித்துச் செய்யும் வேலையை இது வெயிலிடம் ஒப்படைத்துவிடுகிறது.

ஆளைக் கண்டால் ஏன் இவ்வளவு கத்துகிறது?

காட்டுப்பாதையில் நடக்கும்போது தலைக்கு மேலிருந்து கிலுகிலுப்பையை வேகமாக உலுக்குவது போன்ற நீண்ட ஒலி கேட்டால், அது செவ்வணிலின் எல்லைக் குரல். ‘இந்த மேட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார், வீட்டிலேயே இருக்கிறார்’ என்று அக்கம்பக்கத்து அணில்களுக்கு அறிவிப்பதே அதன் நோக்கம். இதைத் தவிர, அந்நியர்களையும் பகைவிலங்குகளையும் கண்டால் எழுப்பும் குரைப்பும், வானில் பருந்தைக் கண்டால் எழுப்பும் மெல்லிய கீச்சொலியும் உண்டு. எந்தப் பகைக்கு எந்த ஒலி என்று அணில் துல்லியமாகப் பிரித்தே கத்துகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.

ஸ்ப்ரூஸ் காட்டில் ஓர் அணிலின் எல்லை பொதுவாக அரை ஹெக்டேருக்கும் குறைவு. ஆணும் பெண்ணும் தனித்தனியாகவே மேடு வைத்துக் காக்கின்றன. தாயோடு சிறு குட்டிகள் இருக்கும் காலத்தைத் தவிரப் பங்காளி என்று எவரும் கிடையாது. நெடுநாள் அண்டை வீட்டார்களாக இருந்து பழகிய அணில்கள் எல்லைக் குரல் எழுப்புவது குறைந்துவிடுகிறது என்பதும் தெரியவந்துள்ளது. இருந்தாலும் உரிமையாளர் வெளியே போன நேரம் பார்த்து அண்டை அணில் புகுந்து கூம்பைத் தூக்கிக்கொண்டு போவதும் நடக்கத்தான் செய்கிறது.

குளிர்காலத்தில் உறங்கிவிடுமா?

உறங்காது. பனிக்கடியில் வளை தோண்டி மாதக்கணக்கில் குளிருறக்கம் கொள்ளும் தரை அணில்களைப் போல உடல் வெப்பத்தைத் தாழ்த்திக்கொள்ளும் திறன் இதற்கு இல்லை. உடம்பில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும் வழக்கமும் இல்லை. கொழுப்பாகச் சேர்க்க வேண்டியதைக் கூம்பாக மேட்டில் சேர்த்துவிட்டது. புல், பாசி, மரப்பட்டை நார் ஆகியவற்றால் பந்துபோல் கட்டிய கூட்டுக்குள் சுருண்டு கிடந்து, பகலின் ஓரளவு மிதமான நேரத்தில் மட்டும் வெளியே வந்து தின்றுவிட்டுத் திரும்பும். கடுங்குளிர் நாட்களில் கூட்டைவிட்டு மிகக் குறைவாகவே வெளிவரும். பனி ஆழமாகப் படிந்தபின் அதற்கடியில் மேட்டுக்குச் செல்லும் சுரங்கப்பாதைகளை அமைத்துக்கொள்வதால், வெளிக்காற்றின் குளிரிலிருந்தும் பருந்தின் பார்வையிலிருந்தும் ஒருசேரத் தப்பிக்கிறது.

இனச்சேர்க்கையும் குட்டி வளர்ப்பும் எப்படி நடக்கின்றன?

பெண் அணில் இணைசேர ஆயத்தமாக இருப்பது ஒரு பருவத்தில் ஒரே ஒரு நாள், அதுவும் முழுநாள்கூட இல்லை. அன்று மட்டும் எல்லைச் சட்டங்கள் தளர்கின்றன. சுற்றுவட்டாரத்து ஆண்கள் பலவும் திரண்டு வந்து அவளைத் துரத்துகின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு அவள் சேர்வதால், ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தையர் இருப்பது சாதாரணம். அத்தோடு ஆணின் பங்கு முடிந்தது.

ஏறத்தாழ 35 நாள் சூலுக்குப் பின், பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு குட்டிகள், மயிரின்றி, கண் திறவாமல், இளஞ்சிவப்பாகப் பிறக்கின்றன. கண் திறக்கவே ஒரு மாதமாகும். கூட்டுக்கு ஆபத்து என்று தாய் கருதினால் குட்டியை வாயில் கவ்வி, அது பந்துபோல் சுருண்டு தாயின் கழுத்தைப் பற்றிக்கொள்ள, ஒவ்வொன்றாக வேறு கூட்டுக்கு மாற்றும். ஏறக்குறைய 70 நாளில் பால்குடி மறக்கிறது. அதன் பிறகுதான் குட்டியின் வாழ்க்கையில் மிகக் கடினமான கட்டம் தொடங்குகிறது: பனி விழுவதற்குள் ஆளில்லாத மேடு ஒன்றைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்க முடியாதவற்றுக்கு முதல் குளிர்காலத்தைத் தாண்டும் வாய்ப்பு மிகக் குறைவு.

சில தாய்கள் தங்கள் மேட்டையே ஒரு குட்டிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வேறிடம் தேடிப் போகின்றன. வயதில் மூத்தது, அனுபவம் மிக்கது, புதிய இடத்தை வெல்லும் வாய்ப்பும் அதற்கே அதிகம் என்று நாம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆனாலும் ஒரு குளிர்காலம் முழுவதற்குமான உணவை அப்படியே விட்டுவிட்டுப் போவது சிறிய விஷயமாகத் தோன்றவில்லை.

இவ்வளவு நுணுக்கமான விவரங்கள் எப்படித் தெரிந்தன?

கனடாவின் யூக்கான் பிரதேசத்தில், க்ளுவானி ஏரிக்கு அருகே, ஷாம்பேன் மற்றும் ஐஷிஹிக் முதற்குடிகளின் பாரம்பரிய நிலத்தில், ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான் பூட்டின் 1987இல் தொடங்கிய ஆய்வு இன்றுவரை தொடர்ந்து நடந்துவருகிறது. அங்குள்ள ஒவ்வோர் அணிலின் காதிலும் எண் பொறித்த சிறு உலோகக் காதணியும், தொலைவிலிருந்தே அடையாளம் காண வண்ணக் கம்பிகளும் மாட்டப்படுகின்றன. பெண் ஈன்றதும் ஆய்வாளர் மரமேறிக் கூட்டிலிருந்து குட்டிகளை எடுத்து எடைபோட்டுத் திரும்ப வைக்கிறார். ஏறத்தாழ 25ஆம் நாளில் மீண்டும் ஏறி எடைபோட்டு, காதணி மாட்டுகிறார். இடைப்பட்ட நாட்களில் குட்டி எவ்வளவு வளர்ந்தது என்பது இப்படித்தான் கணக்கிடப்படுகிறது. அணில் பெரும்பாலும் ஒரே எல்லைக்குள் வாழ்நாள் முழுவதும் தங்குவதும், பகலில் நடமாடுவதும், தன் இருப்பைத் தானே கத்திச் சொல்வதும் ஆய்வுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். ஆயிரக்கணக்கான அணில்களின் பிறப்பு முதல் இறப்பு வரையிலான கதையும், தாய் வழி, தந்தை வழி வம்சாவளியும் அந்த ஏடுகளில் இருக்கின்றன. மனிதர்களில்கூடப் பலருக்கு அவ்வளவு தெளிவான வம்சப் பட்டியல் கிடையாது.

கூம்பு விளையாத ஆண்டுகளில் என்ன செய்யும்?

வெள்ளை ஸ்ப்ரூஸ் மரங்கள் ஆண்டுதோறும் ஒரே அளவில் காய்ப்பதில்லை. சில ஆண்டுகள் ஏறக்குறைய எதுவுமே இராது; பிறகு ஓர் ஆண்டில் வட்டாரம் முழுவதும் எல்லா மரங்களும் ஒருசேரக் காய்த்துக் கொட்டும். க்ளுவானியில் 1993, 1998, 2005 ஆகியவை அத்தகைய ஆண்டுகள். தின்னும் உயிர்களை இடையில் பட்டினி போட்டு எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, பின்னர் தின்று தீர்க்க முடியாத அளவு விதையை ஒரே நேரத்தில் உதிர்ப்பது மரத்துக்குப் பயன்படும் உத்தி. இல்லாத ஆண்டுகளில் அணில் பழைய சேமிப்பில் வாழ்கிறது. அதுவும் தீர்ந்தால் மொட்டுகளையும் காளான்களையும் வைத்து ஒப்பேற்றுகிறது.

இதற்கு அணில்கள் ஒரு மறுவுத்தி வைத்திருக்கின்றன. பெருவிளைச்சல் ஆண்டில், கூம்புகள் முற்றுவதற்குச் சில மாதங்கள் முன்பே, அதாவது கையில் உணவு கூடுவதற்கு முன்பே, பெண் அணில்கள் கூடுதலாகக் குட்டி ஈனுகின்றன; வழக்கமாக ஆண்டுக்கு ஓர் ஈற்றோடு நிற்பவை அந்த ஆண்டில் இரண்டாம் ஈற்றும் ஈனுகின்றன. இது 2006இல் வெளியான ஆய்வு. வரப்போவதை எப்படி அறிகின்றன என்றால், வசந்தத்தில் தின்னும் இனப்பெருக்க மொட்டுகளின் மிகுதியே அறிகுறியாக இருக்கலாம் என்பது பொதுவான ஊகம். காரணம் எதுவானாலும், குட்டிகள் மேடு தேடி வெளியேறும் நேரத்தில் காடெங்கும் கூம்பு தொங்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. பெருவிளைச்சல் ஆண்டுகளில் ஆண் அணில்கள் பிற ஆண்களின் குட்டிகளைக் கொல்வது அதிகரிக்கிறது. குட்டியை இழந்த பெண் விரைவிலேயே மீண்டும் இணைசேர்வதும், அந்த ஆண்டில் பிறக்கும் குட்டிகள் பிழைக்கும் வாய்ப்பு மிகுதியாக இருப்பதும் இதற்குக் காரணமாகக் காட்டப்படுகின்றன.

நெரிசல் மிகுந்தால் குட்டிகள் விரைவாக வளர்கின்றன என்பது சரியா?

சரியே. 2013இல் பென் டான்ட்சரும் உடனிருந்த ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், காட்டில் ஒலிபெருக்கி வைத்து எல்லைக் குரல்களை ஒலிபரப்பினார்கள்; அணில்கள் உண்மையில் கூடவில்லை, கூடியதுபோல் கேட்டது மட்டுமே. தாய் அணில்களின் உடலில் மனஅழுத்த ஹார்மோன் கூடியது. கூடுதல் உணவு எதுவும் கிடைக்காத நிலையிலும் அவற்றின் குட்டிகள் வேகமாக வளர்ந்தன. சூலுற்ற அணில்களுக்கு நிலக்கடலை வெண்ணெயில் அந்த ஹார்மோனைக் கலந்து கொடுத்தபோதும் அதே விளைவு கிடைத்தது. மேட்டுக்குப் போட்டி கடுமையாக இருக்கும் ஆண்டில் வேகமாக வளர்ந்த குட்டிக்கே குளிர்காலத்தைத் தாண்டும் வாய்ப்பு அதிகம் என்பதால், தாயின் பதற்றம் இங்கே குட்டிக்கு வரமாகிறது. இத்தனை ஆண்டு க்ளுவானி ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

அநாதைக் குட்டிகளைத் தத்தெடுக்குமா?

மிக அரிதாக எடுக்கும். க்ளுவானி ஏடுகளில் அப்படிப்பட்ட ஐந்து நிகழ்வுகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். ஐந்திலுமே தத்தெடுத்த பெண் நெருங்கிய இரத்த உறவு. உறவல்லாத அநாதைகளை எதுவும் எடுக்கவில்லை. தனித்தே வாழ்ந்து, வருவோரையெல்லாம் விரட்டும் விலங்கு தன் உறவை எப்படி அறிகிறது? பக்கத்து எல்லையிலிருந்து தினமும் கேட்கும் உறவினளின் குரல் சில நாட்களாகக் கேட்கவில்லை என்றால் போய்ப் பார்க்கிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

எத்தனை ஆண்டு வாழும்? யார் வேட்டையாடுகிறார்கள்?

பிறந்தவற்றில் பெரும்பாலானவை முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. தாண்டி மேடு பிடித்தவை இன்னும் சில ஆண்டுகள் வாழும். எட்டு ஆண்டை எட்டுவது கிழப்பருவம். லின்க்ஸ் காட்டுப்பூனை, மார்ட்டன் என்னும் மரநாய் போன்ற விலங்கு, காஸ்ஹாக் வல்லூறு, ஆந்தைகள், கொயோட்டி ஆகியவை முக்கியப் பகைகள். மரத்தில் தலைகீழாக இறங்கும்போது பின்பாதங்கள் கணுக்காலில் முழுவதுமாகத் திரும்பி நகங்களால் பட்டையைப் பற்றிக்கொள்வதால், எந்தத் திசையிலும் ஒரே வேகத்தில் ஓடித் தப்ப முடிகிறது.

இவ்வளவு விதையைத் தின்பதால் காட்டுக்குக் கேடில்லையா?

கேடு, நன்மை என்று பிரிப்பதைவிட, காட்டின் தோற்றத்தையே மாற்றியிருக்கிறது என்பது பொருத்தம். ராக்கி மலைகளில் வளரும் லாட்ஜ்போல் பைன் மரங்களில் சில, பிசினால் மூடி முத்திரையிட்ட கூம்புகளைக் காய்க்கின்றன. காட்டுத்தீயின் வெப்பத்தில்தான் அவை திறக்கும். ஆண்டுக்கணக்கில் மரத்திலேயே மூடிக்கிடக்கும் இந்தக் கூம்பு அணிலுக்கு ஆயத்தக் களஞ்சியம். ஆகவே அணில் நெருக்கமாக வாழும் காடுகளில் இத்தகைய கூம்பு தரும் மரங்கள் குறைவாக உள்ளன. தீக்குப் பின் எவ்வளவு அடர்த்தியாகப் புதுக்காடு முளைக்கும் என்பதையும் இவ்வாறு அணில் ஓரளவு தீர்மானிக்கிறது.

ஐடஹோ மாநிலத்தின் சௌத் ஹில்ஸ் மலைகளில் செவ்வணில் இல்லை. அங்கே கூம்பு விதைக்குப் போட்டியின்றி வாழ்ந்த கிராஸ்பில் பறவைக்கு எதிராக மரங்கள் கூம்பின் செதில்களைத் தடிப்பாக்கிக்கொள்ள, பறவை அதற்கேற்ப அலகைப் பருமனாக்கிக்கொண்டது. கேசியா கிராஸ்பில் என்ற பெயரில் 2017இல் அது தனி இனமாக ஏற்கப்பட்டது. ஓர் அணில் இல்லாமல் போனதால் ஒரு பறவையினம் உருவாகியிருக்கிறது.

கரடிக்கும் அணில் உதவுகிறது, விரும்பியல்ல. யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் வெண்பட்டைப் பைனின் கொழுப்பு மிகுந்த விதைகளைத் தின்ன கிரிஸ்லி கரடிகள் மரமேறுவதில்லை. அணிலின் மேட்டைத் தோண்டிக் கொள்ளையடிக்கின்றன. பூஞ்சை நோயாலும் வண்டுத் தாக்குதலாலும் நலிந்த அந்த மரம் 2022இல் அமெரிக்காவின் ஆபத்துக்குள்ளான இனங்கள் சட்டத்தின்கீழ்ச் சேர்க்கப்பட்டது.

நியூஃபவுண்ட்லாண்டில் இது ஏன் தொல்லையாகக் கருதப்படுகிறது?

அந்தத் தீவில் செவ்வணில் இயற்கையாக இருந்ததில்லை. 1960களில் மனிதர்கள் கொண்டுவந்து விட்டார்கள். கூம்பைக் காக்கும் தேவையே இல்லாமல் வளர்ந்திருந்த கறுப்பு ஸ்ப்ரூஸ் மரங்களின் விதையை அணில்கள் பெருமளவில் எடுத்துக்கொண்டன. அதே விதையை நம்பியிருந்த உள்ளூர்ச் செங்கிராஸ்பில் பறவை அருகிப்போனதற்கு இது முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

இந்த இனம் அழியும் ஆபத்தில் உள்ளதா?

மொத்தமாகப் பார்த்தால் இல்லை. அரிசோனாவின் பினலேன்யோ மலைகளில் மட்டும் வாழும் கிரகாம் மலைச் செவ்வணில் என்னும் துணையினத்தின் நிலை வேறு. பாலைவனத்துக்கு நடுவே தீவுபோல் உயர்ந்து நிற்கும் அந்த மலையுச்சிக் காட்டைவிட்டு அதற்குப் போக்கிடம் இல்லை. அற்றுப்போனதாக ஒருகாலத்தில் நம்பப்பட்டு, 1970களில் மீண்டும் காணப்பட்ட அதை 1987இல் அழியும் நிலையிலுள்ளதாக அறிவித்தார்கள். அதே உச்சியில் வானியல் தொலைநோக்கிகள் கட்டுவதை எதிர்த்து நீண்ட வழக்குகள் நடந்தன. 2017 ஜூனில் மின்னலால் மூண்ட ஃப்ரை காட்டுத்தீ மேடுகளையும் மரங்களையும் எரித்தபின் நடந்த கணக்கெடுப்பில் 35 அணில்களே எஞ்சியிருந்தன. முந்தைய ஆண்டு 250க்கும் மேல் இருந்தன. பின்னர் எண்ணிக்கை மெல்ல ஏறி நூறைத் தாண்டியது. எரிந்த காட்டில் கூம்பு தரும் வயதுக்கு மரங்கள் வளரப் பல பத்தாண்டுகளாகும்.

செவ்வணில் சாம்பல் அணிலின் விரையைக் கடித்துவிடும் என்று சொல்கிறார்களே?

வேட்டைக்காரர்களிடையே நெடுங்காலமாக உலவும் கட்டுக்கதை. இனப்பெருக்கப் பருவம் அல்லாத காலத்தில் ஆண் அணில்களின் விரை சுருங்கி உள்ளிழுத்துக்கொள்வதையும், இளம் அணில்களுக்கு அது வெளித்தெரியாததையும் பார்த்துக் கட்டிய கதையாக இருக்க வேண்டும். துரத்துவது மெய், மீதி கற்பனை.

வீட்டு மேல்மாடத்தில் புகுந்துவிட்டால் என்ன செய்வது?

கூரை இடுக்கின் வழியே நுழையும் செவ்வணில் அங்கே கூடு கட்டும், கூம்பு சேர்க்கும், மின்கம்பியின் உறையையும் கொறிக்கும். அதன் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வதால் கொறிப்பதை நிறுத்த இயலாது. வெளியே மட்டும் திறக்கும் ஒருவழிக் கதவைத் துளையில் பொருத்தி, அணில் வெளியேறிய பின் வலுவான உலோக வலையால் அடைப்பதே பரவலாகப் பரிந்துரைக்கப்படும் முறை. ஆனால் வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் உள்ளே குட்டிகள் இருக்கின்றனவா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். தாய் வெளியே அடைபட்டால் குட்டிகள் உள்ளேயே இறந்துவிடும், தாயும் கூரையைப் பிய்த்தாவது உள்ளே நுழையப் பார்க்கும். பிடித்துக்கொண்டுபோய்த் தொலைவான காட்டில் விடுவது இரக்கமான செயலாகத் தோன்றினாலும், இலையுதிர்காலத்தில் அப்படி விடப்பட்ட அணிலுக்கு அங்கே மேடும் இல்லை, சேமிப்பும் இல்லை. இருக்கும் மேடுகளுக்கெல்லாம் ஏற்கெனவே உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.